அன்று நான் நிறுத்திய மைக்

வேட்பாளர் அவர்களே என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. முப்பது வருஷமாக ஊரில் தேர்தலுக்கு நிற்கிறவரையெல்லாம் அப்படிக் கூப்பிட்டே பழகிய வாய். ஆனால் நீ எனக்கு முதலில் பிள்ளை, அப்புறம்தான் மூன்றாவது வார்டு வேட்பாளர். அதனால் சாதாரணமாகவே எழுதுகிறேன், கேள்.

நேற்றுக் காலை ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மைக் செட் கடை மேஜையில் போட்டாய். "அப்பா, ஆட்டோவுல குந்திக்கினு நம்ம வார்டுல ரெண்டு ரவுண்டு இத படிச்சிருங்க. உங்க கொரலுக்கே ஓட்டு விழும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். நல்லவேளை போனாய். நின்றிருந்தால் கத்தியிருப்பேன். நோட்டீஸைப் படிக்கப் படிக்க எனக்குக் காது சூடேறியது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம்தான் கத்தினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு வாயத் தொறந்தா சத்தந்தான் ஜாஸ்தி வருது, விஷயம் கம்மியாத்தான் வருது. அவன் காதுல வாங்க மாட்டான். எழுதிக் குடுங்க" என்றாள். அதனால் உன் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருப்பதைவிட இந்த வெள்ளைப் பக்கம் எவ்வளவோ மேல். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. முக்கியமாக, உன்னைக் கையைப் பிடித்து அரசியலுக்குக் கூட்டிக்கொண்டு போன துரைக்கண்ணு மாமாவிடம் காட்டு.

முதலில் நோட்டீஸுக்கு வருகிறேன். நீ நிற்பது வார்டு மெம்பர் பதவிக்கு. அடி அண்ணாமலை ஊராட்சியில் நாலு தெரு. இந்தத் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. உனக்குக் கிடைத்திருப்பது பூட்டு சாவி. ஆனால் நோட்டீஸில் முதல் கோரிக்கை என்ன? தென்பெண்ணை ஆற்றை மேலே மறிக்கும் அண்டை மாநிலத்தைக் கண்டிக்கிறோம். இரண்டாவது, எல்லையோரம் இருக்கிற தமிழ் ஊர்களில் பெயர்ப்பலகை தமிழில் வேண்டும். மூன்றாவது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் மக்களுக்குக் கண்ணீர். நாலாவது, உயிரைக் கொடுத்தாவது தமிழைக் காப்போம். இதற்கு நடுவில் துரைக்கண்ணுவின் போட்டோ, உன் போட்டோவைவிடப் பெரிதாக. நான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம் தெருக் குழாய் எங்கேயடா? சுடுகாட்டுக்குப் போகிற பாதை எங்கே? பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வராத பஸ் எங்கே? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்று சொன்ன கதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். அது உனக்காகச் சொன்னது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

எல்லைப் பிரச்சினை பொய் என்று நான் சொல்லவில்லை. அவசரப்பட்டு அப்படி எடுத்துக்கொள்ளாதே. தண்டராம்பட்டுப் பக்கம் உன் பெரியப்பா நிலம் சாத்தனூர் அணைத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. மேலே மறித்தால் அவர் வயல் காயும். அவர் போடும் சாபத்தை நானே கேட்டிருக்கிறேன். எல்லையில் இருக்கிற மாநிலம் என்றால் எல்லையைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும், பேசட்டும். அதைப் பேச சட்டசபை இருக்கிறது, டெல்லி இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. மூன்றாவது வார்டு மெம்பர் அதைப் பேசுகிறான் என்றால், பேச வேண்டிய வேறு ஏதோ ஒன்றை அவன் விழுங்குகிறான் என்று அர்த்தம். இதை நான் அரசியல் படித்துச் சொல்லவில்லை. என் தொழிலில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

நீ டிகிரி படித்தவன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாய், நாலு பேப்பர் படிக்கிறாய். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில், செங்கம் ரோட்டிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும், என்னளவு பொதுக்கூட்டம் கேட்டவன் எவனும் இல்லை. எல்லாக் கட்சிக்கும் நான்தான் மைக் செட். ஒரு மேடையில் ஒருவனைத் திட்டுவான், மறுநாள் அதே குழாய் ஸ்பீக்கரில் அவன் இவனைத் திட்டுவான். நான் இரண்டு பேருக்கும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். எந்த வரிக்குக் கைத்தட்டு வரும் என்று பேச்சாளருக்கு முன்னால் எனக்குத் தெரியும். நம் ஆறு, நம் மண், நம் எல்லை, நம் மொழி என்று நாலு தடவை குரலை ஏற்றினால் போதும், கூட்டம் ஆடும். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே தெருவோடு நடந்து வருவேன் பார், அப்போது கலைந்து போகிற ஜனங்கள் பேசுவது வேறு. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை, நிலக்கடலைக்கு விலை இல்லை, பிள்ளை பாஸாகியும் வேலை இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மேடையில் பேசுவது ஊருக்கெல்லாம் கேட்கும். கீழே பேசுவது ஒயர் சுற்றுகிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். முப்பது வருஷம் கேட்டும் நான் அதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒரே ஒரு தடவை ஒருத்தி அதை மேலே கொண்டுபோனாள். அவளையும் நான்தான் நிறுத்தினேன்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தொன்பதில் தை மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது. அந்த வருஷம்தான் பிற்பாடு நம் பக்கம் தனி மாவட்டமானது. உனக்கு அப்போது பத்து வயது. பொங்கல் லீவுக்குக் கீழ்பென்னாத்தூரில் உன் மாமன் வீட்டுக்குப் போயிருந்தாய். அதனால் உனக்கு எதுவும் தெரியாது. யாரும் உனக்குச் சொல்லாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். நம் பிள்ளையார் கோயில் எதிரில் ஒரு நாள் சாயங்காலம், பொழுது இறங்குவதற்குள் கூட்டம். நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை. துரைக்கண்ணுதான் ஏற்பாடு. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். பெண்களையெல்லாம் முன்னால் பாயில் உட்காரவைத்திருந்தார்கள். போட்டோவுக்கு அதுதான் அழகு.

அந்த நாளில் நம் தெருவுக்குக் குழாயே இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஏரிக்கரைப் படிக்கிணறுதான். பாசி பிடித்த படி. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக இறங்க வேண்டிய படியும் ஜாஸ்தியாகும். இந்தத் தண்ணீர்க் கஷ்டத்தை உன் அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினாள். சீட்டு அனுப்புவது அப்போது எல்லாக் கூட்டத்திலும் உண்டு. பாராட்டி வந்த சீட்டை மட்டும் உரக்கப் படிப்பார்கள், மற்றதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். அவள் சீட்டும் பைக்குள் போனது. பேச்சாளர் எல்லைக்கு அந்தப் பக்கம் தண்ணீரைத் தடுக்கிறவர்களை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். கைத்தட்டு அடங்கவில்லை. அவர் ஒரு வாய் சோடா குடிப்பதற்காக நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து உன் அம்மா எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சின் மேல் ஏறி மைக்குக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஐயா, வணக்கமுங்க. எல்லைக்கு அந்தாண்ட நிக்கிற தண்ணி வர்றப்ப வரட்டும். எங்க ஏரிக்கு மலையிலேர்ந்து வர்ற ஓடைய யாரு—"

அவ்வளவுதான் கேட்டது. துரைக்கண்ணு தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு தடவை உதறி மறுபடி தோளில் போட்டார். இது எங்கள் தொழிலில் உள்ள ஏற்பாடு. கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்கள் மைக் செட்காரனிடம் முன்னாடியே ஒரு சாடை சொல்லிவைப்பார்கள். குடித்துவிட்டு எவனாவது மேடையேறி உளறினால், உள்கட்சிச் சண்டையில் ஒருவன் மைக்கைப் பிடுங்கினால், துண்டை உதறுவார்கள், நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு மைக் கெட்டுப்போன மாதிரி இருக்கும். அதுவரைக்கும் குடிகாரர்களுக்காக எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு என் பெண்டாட்டிக்குச் செய்தேன். கை தானாகப் போய்விட்டது என்று பதினேழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தானாகப் போகாதடா. துரைக்கண்ணு தயவு போனால் கூட்டங்கள் போகும் என்ற கணக்கு என் மண்டையில் ஓடியது, அப்புறம்தான் கை போனது.

அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். "மைக்குக்கே புடிக்கலம்மே" என்று எவனோ ஒருவன் கத்தினான். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஒயரைத் தேடுவது போல நடித்தேன். அவள் இறங்கிப் போனதும் மறுபடி சத்தம் வைத்தேன். பேச்சாளர் என்ன சொன்னார் தெரியுமா? "நம் நதிக்காகத் தாய்க்குலமே மேடையேறி வந்துவிட்டது பாருங்கள்!" என்றார். கைத்தட்டு பிய்த்துக்கொண்டு போனது. அவள் கேட்ட கேள்வியையே தனக்கு மாலையாகப் போட்டுக்கொண்டார். அந்தக் கைத்தட்டு சுத்தமாக, இரைச்சல் இல்லாமல், என் ஸ்பீக்கர் குழாய் வழியாகத்தான் மலைச்சுற்றுப் பாதை முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், "இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டாள். "பொட்டிக்குப் போற கரண்ட் ஒயர் லூஸாயிடுச்சு" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

அந்தச் சித்திரையில் அவள் கிணற்றுப் படியில் குடத்தோடு விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பு எலும்பு விட்டுப்போய், டவுனில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் படிப்பாய். அன்றிலிருந்து காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறாள். அவள் நடையை வைத்துத் தெருவில் இருட்டிலும் அடையாளம் சொல்லலாம் என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். அன்றைக்கு அவள் முழுசாகப் பேசியிருந்தால் குழாய் வந்திருக்குமா? தெரியாது. வராமலும் போயிருக்கலாம். பேசினால் உடனே பைப் போட்டுவிடுகிற நாடா இது? ஆனால் தெருவே கேட்டிருக்கும். நாலு பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றிருப்பார்கள். துரைக்கண்ணு ஒரு நாளாவது பயந்திருப்பார். அந்த ஒரு நாளையும் நான்தான் அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

அவள் கேட்க வந்த கேள்விக்கு இப்போது வருகிறேன். மலையிலிருந்து நம் ஏரிக்கு வருகிற ஓடை. அப்போதுதான் துரைக்கண்ணு அந்த ஓடையை ஒட்டி நிலம் வாங்கி, நடுவில் மண் கொட்டி மேடாக்க ஆரம்பித்திருந்தார். தண்ணீருக்குப் போகிற பெண்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் நீயே பார்த்தது. ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கத் தங்க, ரூமுக்கும் மனைக்கும் கிராக்கி ஏறியது. அந்த மேட்டில் கல் நட்டு, மனை போட்டு விற்றார். ஓடை இருந்த இடத்தில் இப்போது காம்பவுண்டு சுவர். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, ஏரிக்கு வருவதில்லை. ஏரி காய்ந்ததும் கிணறு காய்ந்தது. தங்கும் விடுதிக்காரர்கள் ஆழ்துளை போட்டு இருந்ததையும் உறிஞ்சினார்கள். நம் தெருவுக்குக் கடைசியில் குழாய் வந்தபோது அதில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர். அந்த மனைப் பக்கம் தினமும் தண்ணீர். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு தேர்தலுக்கும், என்னுடைய மைக்கில், அதே மனிதர் நரம்பு புடைக்கக் கத்தினார்: எல்லையில் நம் தண்ணீரை மறிக்கிறார்கள், தமிழா விழித்துக்கொள்!

அடப் பாவி மனுஷா! எத்தனையோ மைலுக்கு அப்பால் மறிக்கிறவனை நாங்கள் திட்டினோம். காலடியில் மறித்தவனுக்குச் சால்வை போர்த்தினோம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையைக் கதையில்தான் கேட்டிருப்பாய். நான் அதற்கு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்திருக்கிறேன். கடல் தாண்டி இருக்கிற நம் மக்களுக்காக மேடையில் அழுதவரும் இவர்தான். அந்த மக்களில் கொஞ்சம் பேர் தப்பித்து இந்தப் பக்கம் வந்து முகாமில் இருந்தார்களே, அவர்கள் தெருவுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டு வந்தபோது, "அவங்களுக்கு ஓட்டு இல்லியே" என்று இவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதை நான் கேட்டேன். மைக் அணைத்திருந்தது என்று நினைத்துச் சொன்னார். உண்மையிலேயே அணைத்துத்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் உண்மை பேசிய ஒரு தடவை மைக் அணைந்திருந்தது, உன் அம்மா உண்மை பேசிய ஒரு தடவையும் மைக் அணைந்திருந்தது.

இப்போது நீ. உன்னிடம் நேற்று, நீ வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், நோட்டீஸை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடை வாசலிலேயே ஒன்று கேட்டேன், "ஏன்டா, கொழாய் தண்ணியப் பத்தி ஒரு வரி இல்லியே?" என்று. வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னாய்: "அப்பா, கொழாய் மேட்டர்லாம் பேசினா கைத்தட்டு வராதுப்பா. மாமாவும் வேணான்னுட்டாரு." இரண்டு காரணம் சொன்னாய், இரண்டாவதுதான் காரணம். என் பிள்ளை என்னைப் போலவே இருக்கிறான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை அது. உன் குரல் என் குரல்தான். பேச ஆரம்பித்தால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். படிக்காத பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறாய், காசு கேட்பதில்லை, அதையும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம். வேறு எவனாவது இந்த நோட்டீஸைப் போட்டிருந்தால் மடித்து அலமாரிக்கு அடியில் விரித்திருப்பேன்.

நீ ஜெயித்து வந்தால் என்ன செய்யப் போகிறாய்? தென்பெண்ணைக்கு நீ கேட்டு எவனும் கதவு திறக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஓடை யார் பேரில் இருக்கிறது, அளந்து கல் நடு என்று ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்க உனக்கு உரிமை உண்டு. தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் திறக்கிறீர்கள் என்று கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்வி துரைக்கண்ணுவின் காம்பவுண்டு சுவரில் போய் முட்டும். அது தெரிந்துதான் அவர் உன்னை எல்லைக்கு அனுப்பிவைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், சோறு நீ. இவ்வளவு படித்துவிட்டு இது உனக்குத் தெரியவில்லை என்றால் நீ ஏமாளி. தெரிந்தும் செய்கிறாய் என்றால் நீ நான். இரண்டில் எது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், உன் அம்மாவிடம் சொல்.

அவளிடம் நான் நேற்று சொல்லிவிட்டேன். கத்தி முடித்த பிறகு, அவள் பொறுக்கிய அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்து சொன்னேன். அன்னிக்கு ஒயர் லூஸ் இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று. என் வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை, இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் குழாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைத்ததற்குக் கூலி. முழுசாகப் போவதற்குள் அவள் வாயால் நாலு திட்டாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினுதான இருந்துச்சி. கரண்ட் ஒயர் லூஸுன்னா அது எரியுமா? ஒங்க பொட்டிக்கு எத்தினி தடவ நானே ஒயர் பத்த வெச்சிருக்கேன்."

ஆமாம். தொழில் ஆரம்பித்த நாளில் ஆள் வைக்க வழியில்லாமல் அவள்தான் எனக்குக் கைவேலை எல்லாம் செய்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியின் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கை மாற்றிப் போட்டதே அவள்தான். அதையே மறந்துவிட்டு ஒரு பொய் சொல்லி, அது பலித்தது என்று பதினேழு வருஷம் நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லணும்னுதான். ஒங்களுக்கு கொரல் வர்றதுக்கு இம்மாம் நாளு ஆயிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

உனக்கு யோசனை சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இல்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்: சத்தத்தைக் குறைத்த கை எப்படி வலிக்கும் என்று. துண்டை உதறினால் கீழ்ப்படிகிற கை முதல் தடவைதான் தயங்கும், அப்புறம் தயங்காது. கூட்டம் கிடைக்கும், பதவி கிடைக்கும், ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்வார்கள். வீட்டில் ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சோறு போடுவாள். உனக்கு வருகிற தை மாதம் கல்யாணம். வரப்போகிற பெண்ணுக்கும் கண் இருக்கும், அவளும் சிவப்பு விளக்கைப் பார்ப்பாள். ஜாக்கிரதை.

ஆட்டோவில் உட்கார்ந்து உன் நோட்டீஸை நான் படிக்க மாட்டேன். வேறு எழுதிக்கொண்டு வந்தால் தொண்டை கிழியப் படிக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு காலை உன் அம்மாவோடு குழாயடிக்குப் போ. வண்டியில் போகாதே, நடந்து போ. அவள் வேகத்துக்கு நட. வரிசையில் நில். அங்கே நிற்கிற பெண்கள் பேசுவதைக் கேள், நடுவில் எதுவும் பேசாதே. எந்தப் பிரச்சினை முக்கியம் என்று ஓட்டுப் போடுகிறவர்கள் அங்கே வரிசைப்படுத்திச் சொல்வார்கள். தென்பெண்ணையும் அதில் வரும். வருகிற இடத்தில் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் எதிரில் உனக்குக் கூட்டம். மைக் செட் நான்தான் வைக்க வேண்டும் என்று துரைக்கண்ணு சொல்லி அனுப்பியிருக்கிறார். வைக்கிறேன். அதே இடம், பெஞ்சுக்குப் பதில் இப்போது பலகை மேடை, அதே பெண்கள் முன்னால் பாயில். ஆனால் இந்தத் தடவை இரண்டு மைக். ஒன்று மேலே உனக்கு. இன்னொன்று கீழே, பாயில், நீள ஒயர் போட்டு. சத்தம் வைக்கிற பெட்டி என் பக்கத்தில் இருக்காது, உன் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் இருக்கும். அவளுக்கு அதில் எல்லாம் தெரியும். துரைக்கண்ணு துண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் உதறட்டும், தூசி போகும்.

பெண்களிடம் சொல்லிவிட்டோம். ஒவ்வொருத்தியும் கேட்க ஒன்று வைத்திருக்கிறாள். ஆனால் முதலில் உன் அம்மாதான். எண்பத்தொன்பதில் பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம் அவளிடம் இருக்கிறது. எங்க ஏரிக்கு மலையிலேர்ந்து வர்ற ஓடைய யாரு என்பதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சொல்லி முடிப்பாள். விளக்கு சிவப்பாக எரியும், சத்தமும் வரும், மலையைச் சுற்றிலும் கேட்கும்.

அப்போது என்னைத் தேடாதே. நான் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கேட்கிற காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். அவளுக்கு நீ பதில் சொல்லு.

— அப்பா